களத்துக்கு ஒரு கார்ப்பெட்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் காலம் முழுக்க வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு, கள்ளிக்குப்பத்தில் என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டைத் தெருப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டேன். ஜாப் ஒர்க் எடுத்துச் செய்வதற்காகப் போட்ட ஷெட் அது. லேத் போன இடத்தில் ஒரு பழைய மேசை, சால்டரிங் அயன், பிள்ளைகள் கொண்டுவந்த ஆர்டுயினோ போர்டுகள் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஆட்டோ ஓட்டுபவரின் மகள், தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் பார்ப்பவர்களின் பிள்ளைகள், ரெட்ஹில்ஸ் ரோட்டில் டிபன் கடை வைத்திருப்பவரின் மகன் என்று ஒரு கூட்டம். எல்லாரும் எட்டாவது, ஒன்பதாவது படிப்பவர்கள்.

ரோபோ என்றால் மோட்டாரையும் புரோகிராமையும் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். அந்த ஷெட்டில் எனக்குக் கிடைத்த பாடம் வேறு. ரோபோ ஓடுகிற தரையும் ரோபோவின் ஒரு பாகம். அதிலும் கார்ப்பெட் விரித்த களம் என்றால், அதை எங்கே வாங்குவது, எப்படி விரிப்பது, எப்போது மாற்றுவது என்பதெல்லாம் தனி வேலை. அந்த வேலையைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிள்ளைகள் முதலில் செய்தது லைன் ஃபாலோயர், கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும் வண்டி. வண்டியின் அடியில் இருக்கும் சென்சார் தரையில் அகச்சிவப்பு ஒளியை அடிக்கும். வெள்ளை அதைத் திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கிக்கொள்ளும். அந்த வித்தியாசத்தைப் படித்துத்தான் வண்டி திரும்பும். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு பேனர் கடையில் தடத்தை ஃப்ளெக்ஸில் அச்சடித்தோம். பளபளவென்று அழகாக வந்தது. காலையில் பிசகாமல் ஓடிய வண்டி, சாயங்காலம் வாசல் வழியாக வெயில் விழுந்ததும் கோட்டிலிருந்து விலகிப் போனது. பேனரைத் திருப்பிப் போட்டோம். பளபளப்பில்லாத பின்பக்கத்தில் கறுப்பு டேப்பை ஒட்டி ஓட்டியதும் வண்டி வழிக்கு வந்தது. உலக ரோபோ ஒலிம்பியாட் விதிகளில் விளையாட்டுப் பாயை மங்கலான பரப்பில் அச்சடிக்கச் சொல்கிறார்கள். அது ஏன் என்று அன்றைக்குப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

அடுத்து அவர்கள் ஆசைப்பட்டது கால்பந்து. ரோபோக்கள் கால்பந்து ஆடும் ரோபோகப் போட்டி 1997-ல் ஜப்பானின் நகோயா நகரில் தொடங்கியது. அதில் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்றே ஜூனியர் பிரிவு உண்டு. அதன் களம், சுற்றியுள்ள ஓரத்தையும் சேர்த்து 182 சென்டிமீட்டருக்கு 243 சென்டிமீட்டர். கெட்டியான சமதளத்தின் மேல் கரும்பச்சைக் கார்ப்பெட், அதில் வெள்ளைக் கோடுகள். ஓடும்போது ரோபோ அந்தக் கோட்டைத் தன் சென்சாரால் உணர்ந்து தானே திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் ஆட்டத்துக்கு வெளியே.

கார்ப்பெட் வாங்கும்வரை பிள்ளைகள் எங்கள் வீட்டு மொசைக் தரையில்தான் ஓட்டினார்கள். அதில் ரோபோ வழுக்கிக்கொண்டு வேகமாகப் போகும், நிறுத்தினால் நிற்காது. ஒருநாள் என் மனைவி பரணிலிருந்து பவானி ஜமக்காளத்தை எடுத்துக் கொடுத்தாள். புவிசார் குறியீடு பெற்ற நல்ல நெசவு, கல்யாண வீட்டில் ஐம்பது பேர் உட்கார்ந்தாலும் தாங்கும். ஆனால் ரோபோ ஒரே இடத்தில் நின்று திரும்பியதும், சக்கரத்துக்கு அடியில் ஜமக்காளம் சுருண்டு மடிப்பு விழுந்தது. அடியில் பிடிப்பில்லாத விரிப்பு எதுவானாலும் களத்துக்கு ஆகாது என்று தெரிந்தது. கார்ப்பெட் வாங்கியே ஆக வேண்டும் என்று முடிவானது.

சென்னையில் ரெக்ஸின், ஃபோம், தரைவிரிப்பு என்றால் பெரியமேட்டில் சைடன்ஹாம்ஸ் ரோடுதான். அம்பத்தூர் ஸ்டேஷனில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் அங்கிருந்து நடை தூரம். ஆட்டோக்காரர் மகளையும் டிபன் கடைப் பையனையும் கூட்டிக்கொண்டு போனேன். கடையில் இருந்த பெரியவர், “எதுக்கு சார், ஆபீஸுக்கா, பங்ஷனுக்கா?” என்று கேட்டார்.

“ரோபோ ஓட்டறதுக்கு, பாய்” என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். “வண்டி என்ன கனம் இருக்கும்? சக்கரம் ரப்பரா, பிளாஸ்டிக்கா?”

இத்தனை நாள் அந்த வண்டியைப் பார்த்த யாரும் கேட்காத கேள்வி அது. பையில் இருந்த ரோபோவை அந்தப் பெண் எடுத்து மேசைமேல் வைத்தாள். பெரியவர் அதைக் கையில் எடுத்து எடை பார்த்தார், சக்கரத்தை விரலால் உருட்டிப் பார்த்தார். பிறகு ரோல் ரோலாக இறக்கிக் காட்டினார்.

முதலில் லூப். இழைகள் வளையம் வளையமாக நிற்கும், ஆபீஸ்களில் போடுவது. ஒரு வளையத்தை நகத்தால் பிடித்து இழுத்தார், வரிசையாக உருவிக்கொண்டு வந்தது. “உங்க வண்டியில எங்கேயாவது ஸ்குரூ முனை நீட்டிக்கிட்டு இருந்தா முடிஞ்சுது” என்றார். அடுத்தது கட் பைல். வளையத்தின் தலையை வெட்டிவிட்டால் இழைகள் புல் மாதிரி நிமிர்ந்து நிற்கும், அதுதான் கட் பைல். காலுக்குச் சுகம், ஆனால் சின்னச் சக்கரம் புதையும். மூன்றாவது நான்-ஓவன். இதில் நெசவே கிடையாது. பாலிப்ரொப்பிலீன் இழைகளைப் பரப்பி, ஆயிரக்கணக்கான ஊசிகளால் குத்திக் குத்தி ஒன்றோடொன்று பின்னிப்போகச் செய்வார்கள். நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக் கண்காட்சிகளிலும் கல்யாண மண்டபங்களிலும் நாம் மிதிப்பது பெரும்பாலும் இந்த வகைதான். விலை மலிவு, தட்டையாகக் கிடக்கும், இழை உருவாது.

அதிலும் இரண்டு தரம். ஒரு துண்டைத் திருப்பிக் காட்டினார். “இது சும்மா பங்ஷன் மால். ஒரு நாளைக்கு விரிச்சு மறுநாள் தூக்கிப் போடறது. இது பாருங்க, அடியில லேடெக்ஸ் கோட்டிங். கொஞ்சம் விலை ஜாஸ்தி. ஆனா உக்காந்த இடத்துல உக்காரும்.” கோட்டிங் போட்டதையே எடுத்தோம். இரண்டு மீட்டர் அகல ரோல். களத்தின் அகலம் 182 சென்டிமீட்டர்தான், எனவே நடுவில் இணைப்பே வராது. கிளம்பும்போது பெரியவர் இன்னொன்றும் சொன்னார். “ஒரே ரோல்ல இருந்து ரெண்டு களத்துக்கு வாங்கி வச்சுக்கோங்க சார். அடுத்த லாட்ல இதே பச்சை வராது.” அந்த ஒரு வாக்கியம் பின்னால் எங்களை எத்தனையோ சிரமத்திலிருந்து காப்பாற்றியது.

ரோலை வெண்டர் பெட்டியில் ஏற்றி அம்பத்தூருக்குக் கொண்டுவந்தோம். காய்கறிக் கூடைகளுக்கு நடுவே பிள்ளைகள் அதைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

விரிப்பது வாங்குவதைவிட நுணுக்கமான வேலை. முதலில் அடித்தளம். எட்டுக்கு நான்கு பிளைவுட் ஒன்று முழுசாக, இன்னொன்றில் நீளவாக்கில் இரண்டடி கீற்று. இரண்டையும் சேர்த்தால் கிட்டத்தட்ட களத்தின் அளவு அப்படியே வந்துவிடும். இரண்டு பலகையும் சேரும் இடத்தில் ஒரு தாள் கனத்துக்கு ஏற்ற இறக்கம் இருந்தாலும் பந்து அங்கே திசை மாறும். ரசமட்டம் வைத்து, அடியில் தகடு செருகிச் செருகி மட்டம் பார்த்தோம். பிள்ளைகளுக்குப் பொறுமை போய்விட்டது. “அங்கிள், கார்ப்பெட் போட்டா மறைஞ்சிடும்ல?” என்றான் ஒருவன். கார்ப்பெட் கண்ணுக்குத்தான் மறைக்கும், பந்துக்கு மறைக்காது என்றேன். பந்தை உருட்டிக் காட்டியதும் அவனே தகடு வெட்ட உட்கார்ந்துவிட்டான்.

ரோலிலிருந்து வந்த கார்ப்பெட்டை உடனே ஒட்டக் கூடாது. சுருட்டி வைத்த ஞாபகம் அதற்குப் போக வேண்டும். ஒரு ராத்திரி முழுக்க விரித்துப் போட்டு, ஓரங்களில் செங்கல் வைத்தோம். மறுநாள் குப்புறப் போட்டு, பின்பக்கத்தில் சாக்பீஸால் கோடு கிழித்து, இரும்பு ஸ்கேல் பிடித்துக் கட்டர் பிளேடால் வெட்டினோம். பின்பக்கமாக வெட்டினால்தான் முன்பக்க இழை பிசிறு தட்டாமல் வரும். நான்கு ஓரத்திலும் நடுவிலும் டபுள் சைடு டேப். நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் நீவிக்கொண்டே போக வேண்டும்.

கோடுகளுக்கு முதலில் வெள்ளை டேப் ஒட்டினோம். கொஞ்ச நாளில் டேப்பின் ஓரம் எழும்பி, சக்கரம் அதில் இடறியது. டேப்பை எடுத்துவிட்டு, மாஸ்கிங் டேப்பால் எல்லை கட்டி வெள்ளை ஸ்பிரே பெயின்ட் அடித்தோம். முதல் பூச்சை இழை குடித்துவிட்டது, சாம்பல் நிறமாகத் தெரிந்தது. இரண்டாவது பூச்சுக்குப் பிறகுதான் சென்சார் வெள்ளைக்கும் பச்சைக்கும் தெளிவான வித்தியாசம் காட்டியது. அந்த எண்களைப் பிள்ளைகள் ஒரு நோட்டில் எழுதி வைத்தார்கள்.

பிறகு ஒரு விநோதம். ரோபோவை நேராக இரண்டு மீட்டர் ஓடச் சொன்னால், சுவரைப் பார்த்து ஓடும்போது ஒரு இடத்திலும், வாசலைப் பார்த்து ஓடும்போது விரல் அகலம் தள்ளியும் நின்றது. மோட்டாரை மாற்றினார்கள், பேட்டரியை மாற்றினார்கள், எதுவும் மாறவில்லை. கார்ப்பெட்டை உள்ளங்கையால் தடவிப் பார்க்கச் சொன்னேன். ஒரு திசையில் தடவினால் வழவழப்பு, எதிர்த்திசையில் சொரசொரப்பு. இழைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. சாய்வோடு போகும் சக்கரத்துக்கும் சாய்வை எதிர்த்துப் போகும் சக்கரத்துக்கும் பிடிப்பு வேறு. அன்றிலிருந்து களத்தின் ஒரு மூலையில் இழை சாயும் திசைக்கு ஒரு அம்புக்குறி வரைந்து வைத்தோம். புரோகிராமிலும் திசைக்கு ஒரு கணக்கு வந்தது.

கார்ப்பெட் தேயும். அதுவும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. ரோபோக்கள் முட்டிக்கொண்டு சுழலும் கோல் வாசலிலும், பந்தை வைத்துத் தொடங்கும் நடுப்புள்ளியிலும்தான் முதலில் வழுக்கை விழும். அங்கிருந்து கிளம்பும் பஞ்சு, ரோபோவின் ஆம்னி சக்கரங்களில் போய்ச் சுற்றிக்கொள்ளும். ஆம்னி சக்கரத்தின் விளிம்பில் சின்னச் சின்ன உருளைகள் இருக்கும். அவை தனித்தனியாக உருண்டால்தான் ரோபோ பக்கவாட்டில் நகரும். ஒரு உருளையில் பஞ்சு சிக்கினால் போதும், ரோபோ கோணலாகப் போகும். பயிற்சி முடிந்ததும் ட்வீசரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு உருளையிலும் இருந்து இழையைப் பிடுங்கி எடுப்பது அந்த ஷெட்டின் வழக்கமாகிவிட்டது.

தேய்ந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, முதலில் வெட்டியபோது மிஞ்சிய கீற்றிலிருந்து ஒட்டுப் போட்டும் பார்த்தோம். ஒரே ரோல்தான், ஒரே பச்சைதான். ஆனாலும் மிதிபட்ட கார்ப்பெட்டை விடப் புதுத் துண்டு உயரமாக நின்றது. அதைத் தாண்டும்போது ரோபோ குலுங்கும், பந்து மெதுவாகும். தூசி படிந்த பழைய பச்சைக்கும் புதுப் பச்சைக்கும் சென்சார் வேறு வேறு எண் காட்டியது. ஒட்டுப் போட்ட களம் இரண்டு தரைகள் கொண்ட களம். மாற்றினால் முழுசாக மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தோம். அப்போதும் பழையது வீணாகாது. நல்ல பகுதிகளை வெட்டி, சின்ன வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் வைத்து ஓட்டிப் பார்க்க ஆளுக்கொரு துண்டு கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டோம்.

அந்த மாற்றத்தை மழை கொண்டுவந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். அம்பத்தூர், கொரட்டூர் பக்கமெல்லாம் தண்ணீர் நின்ற நாட்கள் அவை. ஷெட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது. ரோபோக்களைப் பிள்ளைகள் முன்னாடியே மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். களத்தை எங்கே ஏற்றுவது? தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், பிளைவுட் உப்பி வளைந்திருந்தது. கார்ப்பெட்டை மொட்டை மாடியில் காயப் போட்டோம். பாலிப்ரொப்பிலீன் இழைக்குத் தண்ணீரால் கேடில்லை, அது ஈரத்தை உறிஞ்சாது. ஆனால் இழைகளுக்கு நடுவே போன சேறு எத்தனை அலசியும் போகவில்லை, அடியிலிருந்த லேடெக்ஸ் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது, ஓரங்கள் சுருண்டுகொண்டன. பெரியவர் பேச்சைக் கேட்டு வாங்கிப் பரணில் வைத்திருந்த மிச்சத் துண்டு அப்போதுதான் வேலைக்கு வந்தது. பொங்கலுக்கு முன்னால் களம் மறுபடி தயார். அதே பச்சை. நோட்டில் எழுதி வைத்திருந்த எண்களும் கிட்டத்தட்ட அப்படியே வந்தன.

இதையெல்லாம் பெரிய போட்டிகளில் எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் டீன் கேமன் தொடங்கிய ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் போட்டியின் களம் ஏறக்குறைய 27 அடிக்கு 54 அடி. 125 பவுண்டு வரை எடையுள்ள ரோபோக்கள் அதில் மோதிக்கொண்டு ஓடியிருக்கின்றன. பல ஆண்டுகளாக அந்தப் போட்டியின் விதிப்புத்தகத்தில், களத்தில் விரிக்கும் கார்ப்பெட்டின் கம்பெனி, ரகம், நிற எண் வரைக்கும் அச்சிட்டுக் கொடுத்தார்கள். ஜார்ஜியா மாநிலத்தின் டால்டன் நகரில் இருக்கும் ஷா நிறுவனத்தின் நெய்லண்ட் 2 என்ற ரகம் அது. எந்த ஊர்ப் பிள்ளையும் அதே கார்ப்பெட்டில் ஒரு துண்டு வாங்கிப் பயிற்சி செய்யலாம். அந்த ரகம் கிடைக்காத நாட்டில் இருப்பவர்களுக்குக்கூட, எதற்குப் பக்கத்தில் போக வேண்டும் என்பதாவது தெரியும்.

அந்தப் போட்டியே தரையை வைத்து ஆட்டத்தை மாற்றிக் காட்டியது. 1992-ல் நடந்த முதல் போட்டியில் களம் முழுக்கச் சோள மணிகளைக் கொட்டி, அதன்மேல் ரோபோக்களை ஓடவிட்டார்கள். நிலவில் மனிதன் கால் வைத்த 40-ஆம் ஆண்டான 2009-ல், கார்ப்பெட்டை எடுத்துவிட்டு வழுக்கும் பிளாஸ்டிக் தரையைப் போட்டார்கள். நிலவின் குறைந்த ஈர்ப்பில் சக்கரம் எப்படிப் பிடிப்பில்லாமல் போகும் என்று பிள்ளைகள் அனுபவித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக. ரோபோகப்பில் மனித உருவ ரோபோக்கள் ஆடும் பிரிவில் 2015-ல் தட்டையான கார்ப்பெட்டுக்குப் பதில் செயற்கைப் புல் வந்தது. அதுவரை நன்றாக நடந்த ரோபோக்கள் புல்லில் தடுமாறின. பாதத்தின் அடியில் கட்டை வைத்து, நடையையே புதிதாக எழுத வேண்டி வந்தது. தரை மாறினால் அறிவும் மாற வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நம் பக்கத்துக் கல்லூரி விழாக்களில் ரோபோ சாக்கர் வைக்கிறார்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை, கூட்டத்துக்கும் குறைவில்லை. ஆனால் அறிவிப்பில் ரோபோவின் நீளம், அகலம், எடை, வோல்டேஜ் எல்லாம் இருக்கும், தரை என்ன என்பது மட்டும் இருக்காது. போய்ப் பார்த்தால் ஒரு இடத்தில் பந்தல்காரர் கொடுத்த மெல்லிய கார்ப்பெட், ஒரு இடத்தில் வெறும் டைல்ஸ், ஒரு இடத்தில் பெயின்ட் அடித்த பலகை. எங்கள் பிள்ளைகள் ஒரு விழாவுக்குப் போனபோது கார்ப்பெட் அடியில் ஒட்டப்படாமல் இருந்தது. முதல் ஆட்டத்திலேயே மடிப்பு விழுந்து இரண்டு அணிகளின் ரோபோக்களும் அதில் சிக்கிக்கொண்டன. அந்தத் தரைக்கு ஏற்கெனவே பழக்கப்பட்டவர்கள் அந்தக் கல்லூரி மாணவர்கள் மட்டும்தான். வெளியூரிலிருந்து பஸ் ஏறி வந்த பிள்ளைகளுக்கு அது அநியாயம்.

இதில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. வசதியான பள்ளியில் களம் இருக்கும். கள்ளிக்குப்பத்திலும் பாடியிலும் ஆவடியிலும் இரண்டு அறை வீட்டில் இருக்கும் பிள்ளை ஆறடிக்கு எட்டடிக் களத்தை எங்கே விரிக்கும்? ரோபோவைக் கடன் வாங்கலாம், லேப்டாப்பைக் கடன் வாங்கலாம், இடத்தைக் கடன் வாங்க முடியாது. மத்திய அரசின் அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் தேர்வான பள்ளிகளுக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் கொடுத்திருக்கிறார்கள். 1,500 சதுர அடி இடம் காட்ட வேண்டும் என்பது பொதுவான நிபந்தனையாக இருந்தது. அத்தனை பெரிய அறையில் ஒரு மூலையை நிரந்தரக் களமாக ஆக்க, இரண்டு பலகையும் சில மீட்டர் கார்ப்பெட்டும் போதும். ஒரு 3டி பிரின்டரின் விலைகூட ஆகாது.

ஆகவே பள்ளி நிர்வாகிகளுக்கும், போட்டி நடத்தும் கல்லூரிகளுக்கும், என்னைப் போல ஷெட்டோ மொட்டை மாடியோ காலியாக வைத்திருப்பவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். ரோபோ வாங்கப் பட்டியல் போடும்போது முதல் வரியில் தரையை எழுதுங்கள். ஒரே ரோலிலிருந்து இரண்டு களத்துக்கு வாங்கி, ஒன்றைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். தேய்ந்தால் ஒட்டுப் போடாமல் முழுசாக மாற்றுங்கள். போட்டி அறிவிப்பில் கார்ப்பெட்டின் வகையையும் நிறத்தையும் இழை சாயும் திசையையும் ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள், முடிந்தால் ஒரு கை அகலத் துண்டை ஒவ்வொரு அணிக்கும் அனுப்புங்கள். பள்ளி விடும் நேரத்துக்குப் பிறகு உங்கள் களத்தைப் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கும் திறந்து விடுங்கள். எல்லாரும் ஒரே தரையில் ஓடினால்தான் யாருடைய ரோபோ நல்ல ரோபோ என்று சொல்ல முடியும்.